ஆறு வருஷ மெஷினும் நாற்பது வருஷ புரோகிராமும்

"ஏனுங்க, எண்ணூத்தம்பது கோடி போட்டு சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கியிருக்காங்கன்னு டி.வி.யில சொன்னாங்க. அப்புறமும் நம்மூரு மழைய ஏனுங்க சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க? வேகவெச்ச மஞ்சளைக் களத்துல காயப்போட்டிருந்தோம். போன்ல பார்த்தா மழை இல்லைன்னுதான் இருந்துச்சு. ராத்திரி ஒரு பாட்டம் கொட்டி, தார்ப்பாய் மூடறதுக்குள்ள பாதி நனைஞ்சுபோச்சுங்க."

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பிய குரல் பதிவு இது. மஞ்சள் நனைந்தால் நிறம் மங்கும். நிறம் மங்கினால் ஈரோடு மார்க்கெட்டில் விலை இறங்கும். பத்து மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த பயிரின் லாபம் ஒரே ராத்திரியில் கரைந்துவிடும். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், பதில் அந்த 850 கோடி ரூபாய் மெஷினுக்குள் முழுசாக இல்லை. அதற்குள் ஓடும் புரோகிராமிலும், அதைப் பராமரிக்கும் ஆட்களிடமும் பாதி பதில் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

சூரியனின் பெயரில் இரண்டு மெஷின்

வாசகி டி.வி.யில் பார்த்தது 2024 செப்டம்பர் 26-ம் தேதி நடந்த விழா. வானிலைக்காகவே வாங்கிய இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்களைப் பிரதமர் அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் இருப்பது 'அர்கா'. நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்தில் இருப்பது 'அருணிகா'. இரண்டும் சூரியனோடு சம்பந்தப்பட்ட பெயர்கள். அர்காவின் வேகம் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், அருணிகாவின் வேகம் 8.24 பெட்டாஃப்ளாப்ஸ். ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கி, அதை இன்னும் பத்தால் பெருக்குங்கள். அத்தனை கணக்கை ஒரே நொடியில் போட்டால் ஒரு பெட்டாஃப்ளாப்ஸ்.

இதற்கு முன்னால் 2018-ல் வந்தவை 'பிரத்யுஷ்', 'மிஹிர்'. இரண்டும் சேர்ந்தே 6.8 பெட்டாஃப்ளாப்ஸ்தான். ஆறே வருஷத்தில் அவை பழைய தலைமுறை ஆகிவிட்டன. இந்த 'ஆறு வருஷம்' என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கோவையிலும் இந்த வேலை நடக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் வட்டாரம் வாரியாக வானிலைக் கணிப்பு தருகிறது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் விவசாயிகளுக்கான ஆலோசனை அறிக்கை வரும். அதற்குப் பின்னால் ஓடும் புரோகிராம்களில் ஒன்று, அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையமும் கூட்டாளிகளும் உருவாக்கி இலவசமாக வெளியிட்ட 'டபிள்யூ.ஆர்.எஃப்.' பருவமழைக்கு முன்பாக, 'இந்த வருஷம் மழை சராசரியா, அதிகமா' என்று பல்கலைக்கழகம் அறிவிக்குமே, அதற்குப் பயன்படுவது ஆஸ்திரேலியாவில் உருவான 'ரெயின்மேன்' என்ற சாஃப்ட்வேர். ஆக, நம் காட்டில் எப்போது விதைப்பது என்ற முடிவுக்குப் பின்னால் எங்கோ யாரோ எழுதிய புரோகிராம்கள் இருக்கின்றன.

பெட்டி பெட்டியாக வானம்

அந்தப் புரோகிராம் என்ன செய்கிறது? பூமியைச் சுற்றியிருக்கும் காற்றைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெப்பம், ஒரு ஈரப்பதம், ஒரு காற்று வேகம். சில நிமிஷங்கள் கழித்து இந்தப் பெட்டியில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டு, அதைப் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்கிறது. இப்படியே நகர்த்தி நகர்த்திப் பத்து நாள் வரைக்கும் போகிறது.

பெட்டி பெரிதாக இருந்தால் கொங்கு நாட்டுக்குச் சிக்கல். பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். 25 கிலோமீட்டர் பெட்டி என்றால், கணவாயின் பெரும்பகுதி ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். நீலகிரியின் சரிவும் மேட்டுப்பாளையத்தின் சமவெளியும் கலந்து ஒரு சராசரி ஆகிவிடும். ஆனால், நமக்குத் தெரியும். வால்பாறையில் விடாமல் கொட்டும்போது, பேரூரில் தூறல் விழும், பல்லடத்தில் காற்று மட்டும் சுழன்றடிக்கும். காந்திபுரத்தில் குடை பிடித்து நிற்கிறவரிடம் சிங்காநல்லூர்க்காரர் போனில், 'இங்க வெயிலுங்க' என்பார்.

அதனால்தான் பெட்டியைச் சின்னதாக்கிக்கொண்டே வருகிறார்கள். 2016 வாக்கில் 12 கிலோமீட்டர் ஆனது. 2025 மே 26-ம் தேதி அறிமுகமான 'பாரத் முன்கணிப்பு முறை' 6 கிலோமீட்டர் பெட்டிகளைப் பயன்படுத்துகிறது. கணவாய்க்கு இப்போது ஐந்து பெட்டிகள் கிடைக்கும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால், நீள அகலத்தைப் பாதியாக்கினால் ஒரு பெட்டி நான்கு பெட்டி ஆகும். காலத்தையும் பாதிப் பாதியாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஆக, வேலை எட்டு மடங்கு.

இவ்வளவுக்குப் பிறகும், கோடையில் திடீரென்று திரளும் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அது பெட்டிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதைப் புரோகிராம் நேரடியாகப் பார்ப்பதில்லை, உத்தேசமாகத்தான் கணக்கில் சேர்க்கிறது. களத்து மஞ்சளை நனைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி மேகம்தான். நாளை மறுநாள் வரப்போகும் புயலைச் சொல்வதைவிட, இன்று ராத்திரி நம் தோட்டத்தின்மேல் இடி இடிக்குமா என்று சொல்வது கஷ்டம்.

தாத்தா எழுதிய வரிகள்

மெஷின் வேகமாகிவிட்டால் பழைய புரோகிராமும் தானாக வேகமாகிவிடாதா? ஆகாது. இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

உலகத்தின் பெரிய வானிலைப் புரோகிராம்கள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும் மொழி ஃபோர்ட்ரான். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-ல் வெளியிட்டது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஓட்டை உடைசல் என்று நினைத்துவிட வேண்டாம். எண்களைப் போட்டு அரைப்பதில் இன்றைக்கும் அது கில்லாடி. நொய்டா மையம் ஓட்டும் மாதிரிகளில் ஒன்றுக்கு அடிப்படை, பிரிட்டன் வானிலைத் துறையின் 'யூனிஃபைட் மாடல்'. அது 1990களின் தொடக்கத்திலேயே வேலைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை மெஷின்கள் வந்து, ஓடி, பழைய இரும்புக்குப் போய்விட்டன. புரோகிராம் மட்டும் திருத்தித் திருத்தி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

மெஷினுக்கு ஆயுள் ஐந்தாறு வருஷம், புரோகிராமுக்கு முப்பது நாற்பது வருஷம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் முக்கால்வாசிப் பிரச்னை இருக்கிறது.

நாற்பது வருஷத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கை வைத்திருப்பார்கள். ஒருவர் மேகத்துக்கு எழுதியிருப்பார், ஒருவர் மண் ஈரத்துக்கு. பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு எண் இருக்கும். அது ஏன் அந்த எண் என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மாற்றவும் பயம், விடவும் பயம். பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கிற கொத்தனாருக்கு இது புரியும். எந்தச் சுவர் உத்தரத்தைத் தாங்குகிறது என்று தெரியாமல் கடப்பாரை வைக்க முடியாது.

தொள்ளாயிரம் பேர் சேர்ந்து சமைத்தால்

இரண்டாவது சிக்கல், வேலையைப் பங்கு போடுவது. சூப்பர் கம்ப்யூட்டர் என்பது ஒரே ஒரு பெரிய மூளை இல்லை. பல்லாயிரம் சின்ன மூளைகள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு கல்யாணச் சமையலை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆள் செய்தால் காய் நறுக்க 9 மணி நேரம், உலை வைத்து வேகவிட 1 மணி நேரம். மொத்தம் 10 மணி. காய் நறுக்க 9 பேரை விட்டால் 1 மணி நேரத்தில் முடியும், உலைக்கு 1 மணி, மொத்தம் 2 மணி. 90 பேரை விட்டால் நறுக்க 6 நிமிஷம், ஆனாலும் மொத்தம் 1 மணி 6 நிமிஷம். 900 பேரை விட்டாலும் 1 மணி நேரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. அரிசி வேகிற நேரம் வெந்துதானே ஆகவேண்டும்? பங்கு போட முடியாத அந்த வேலைதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் வல்லுநர் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார்.

அதோடு விடுவதில்லை. 900 பேரும் 'உப்பு போதுமா' என்று தலைமைச் சமையல்காரரையே கேட்டுக்கொண்டிருந்தால், சமைப்பதைவிடப் பேசுவதற்கே நேரம் போகும். சூப்பர் கம்ப்யூட்டரிலும் பெட்டிக்குப் பெட்டி செய்தி சொல்ல ஆகும் நேரம் பெரிய தலைவலி. இன்னொன்று, எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு வேலை இருக்காது. மழை கொட்டும் வால்பாறைப் பெட்டிக்கு மேகக் கணக்கு ஏராளம். வானம் தெளிந்திருக்கும் தாராபுரம் பெட்டி சீக்கிரம் முடித்துவிட்டு, வால்பாறை முடிக்கும்வரை சும்மா காத்திருக்கும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கும்படி வேலையைப் பிரித்துக் கொடுப்பது ஒரு தனிக்கலை. மெஷின் வாங்கும்போது அது கூடவே வராது.

மெஷின் பெரிதாகப் பெரிதாக ரிப்பேரும் பெருகும். பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் கெடும் என்று உத்தரவாதமுள்ள பாகம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பாகங்கள் 3,650 இருந்தால், சராசரியாகத் தினம் ஒன்று கெடும். நடு ராத்திரியில் ஒன்று படுத்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது. விடிவதற்குள் கணிப்பு வெளியே வந்தாக வேண்டும். அதனால் அவ்வப்போது 'இதுவரை போட்ட கணக்கு' என்று எழுதி வைத்துக்கொண்டே போகும்படி புரோகிராமை அமைக்க வேண்டும். அடிக்கடி எழுதினால் நேரம் வீண், எப்போதாவது எழுதினால் உழைப்பு வீண்.

கூட்டினால் விடை மாறுமா?

மூன்றாவது சிக்கல்தான் விசித்திரமானது. 'எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றுதான்' என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். கம்ப்யூட்டரில் அது எப்போதும் உண்மை இல்லை.

நான்கு இலக்கம் மட்டுமே காட்டும் ஒரு கால்குலேட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1000-த்தோடு 0.4 கூட்டுங்கள். 1000.4 வர வேண்டும். இடம் இல்லாததால் 1000 என்றே நிற்கும். இன்னும் இரண்டு முறை 0.4 கூட்டினாலும் அதே 1000-தான். இப்போது மாற்றிச் செய்யுங்கள். முதலில் மூன்று 0.4-ஐயும் கூட்டினால் 1.2. அதை 1000-த்தோடு சேர்த்தால் 1001. அதே எண்கள்தான், ஆனால் விடை வேறு.

நிஜக் கம்ப்யூட்டரில் இலக்கங்கள் அதிகம் என்றாலும் எல்லை உண்டு. பல்லாயிரம் மூளைகள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு அனுப்பும்போது, எது முதலில் வந்து சேருகிறதோ அது முதலில் கூட்டப்படலாம். இன்றைக்கு ஒரு வரிசை, நாளைக்கு ஒரு வரிசை. கடைசி இலக்கம் கொஞ்சம் மாறும். கடைசி இலக்கம்தானே என்று விட முடியாது. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு குட்டி வானிலைப் புரோகிராமை மறுபடி ஓட்டிப் பார்க்க நினைத்தார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக, அச்சில் வந்திருந்தபடி 0.506 என்று சுருக்கிப் போட்டார். காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், புரோகிராம் முற்றிலும் வேறு வானிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பிசகு நாளாக நாளாகப் பெரிதாகும் என்ற கண்டுபிடிப்பு அங்கே பிறந்தது.

இப்போது புரோகிராமைப் பராமரிக்கிறவரின் நிலையை யோசியுங்கள். புது மெஷினுக்கு மாற்றுகிறார். விடை கொஞ்சம் வேறாக வருகிறது. இது கூட்டல் வரிசையால் வந்த வித்தியாசமா, இல்லை எங்கேயாவது தப்பு செய்துவிட்டோமா? சம்பளக் கணக்குப் புரோகிராமில் சரியான விடை என்னவென்று முன்கூட்டியே தெரியும். நாளைய வானிலைக்குச் சரியான விடை நாளைதான் தெரியும். நாளைக்குத் தப்பாகிப்போனாலும், குற்றவாளி புரோகிராமா, இயற்பியலா, அளவெடுத்த கருவியா என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை.

இதற்கு அமெரிக்க தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தினர் 2015-ல் ஒரு வழி சொன்னார்கள். ஆரம்ப வெப்பநிலையைக் கண்ணுக்கே தெரியாத அளவு மாற்றி மாற்றி, ஒரே புரோகிராமை நூறு முறைக்கு மேல் ஓட்டுவது. கிடைக்கும் விடைகள் எந்த எல்லைக்குள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்வது. புது மெஷினின் விடை அந்த எல்லைக்குள் விழுந்தால் நிம்மதி, வெளியே விழுந்தால் தப்பைத் தேடு. எளிமையாகத் தெரிகிறது. ஆனால் இதை உருவாக்க, வானிலையும் புள்ளியியலும் சாஃப்ட்வேரும் தெரிந்தவர்கள் ஒன்றாக உட்கார வேண்டியிருந்தது.

பெங்களூரில் நடந்த பாடம்

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1980களின் கடைசியில் வானிலைக்காக அமெரிக்காவிடம் சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டோம். கேட்டதைக் கொடுக்காமல், அதைவிடச் சக்தி குறைந்த 'கிரே எக்ஸ்.எம்.பி.' மெஷினைத்தான் கொடுத்தார்கள். அதிலிருந்தது ஒரே ஒரு பிராசஸர். அந்த வேகத்தில்தான் 1988-ல் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டு, விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' வந்தது. இந்தக் கதை பலருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாத கதை ஒன்று உண்டு. பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகத்தில் யு.என்.சின்ஹா தலைமையிலான குழு 1986-லேயே 'ஃப்ளோசால்வர்' என்ற பல பிராசஸர் கம்ப்யூட்டரைச் செய்துவிட்டது. கிரே மெஷினில் ஓடிய 'டி-80' என்ற வானிலை மாதிரியைப் பிறகு இதில் ஓட்ட வேண்டி வந்தது. ஒரே பிராசஸருக்காக எழுதிய புரோகிராமைப் பல பிராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது லேசான வேலை இல்லை. அதைச் செய்து காட்டினார்கள். அதோடு நிற்காமல், பழைய பாணிப் புரோகிராமை ஃபோர்ட்ரான் 90-ல் ஒழுங்காகத் திருப்பி எழுதினார்கள். 1999-ல் இந்திய அறிவியல் கழகத்தின் ரவி நஞ்சுண்டையாவும் சின்ஹாவும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் பொருளே, நவீன மென்பொருள் பொறியியல் முறைகள் ஒரு வானிலை மாதிரியின் திறனை எப்படி மாற்றுகின்றன என்பதுதான். நஞ்சுண்டையா பின்னாளில் புனே வானிலை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அந்தப் பாதையில் 'வர்ஷா' என்ற மாதிரியும் உருவானது.

ஆக, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் சொல்லிவிட்டார்கள். மெஷின் வாங்குவது ஒரு வேலை, புரோகிராமைச் செம்மையாக்குவது இன்னொரு வேலை, இரண்டாவதும் அறிவியல்தான் என்று.

வெளிநாடுகள் இதை எப்படிச் செய்கின்றன? சுவிட்சர்லாந்து வானிலைத் துறை, வீடியோ கேமுக்காக உருவான கிராஃபிக்ஸ் சிப்களில் 2016-ல் தன் தினசரிக் கணிப்பை ஓட்டத் தொடங்கியது. அதற்காகப் புரோகிராமின் முக்கியப் பகுதியை வருஷக்கணக்கில் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையம் 2021 மே மாதம் ஒரு காரியம் செய்தது. எண்களை இத்தனை இலக்கம் வரை வைத்துக்கொள்வது அவசியமா என்று பல வருஷம் சோதித்து, பாதி இலக்கமே போதும் என்று கண்டுபிடித்து மாற்றியது. மிச்சமான நேரத்தைக் கொண்டு, காற்றை 91 அடுக்காகப் பிரித்த கணிப்பை 137 அடுக்காக்கியது. ஒரு புது மெஷின்கூட வாங்காமல், புரோகிராமைத் திருத்தியே கிடைத்த லாபம் அது.

ஒரு சின்ன ஸ்கிரிப்ட், 77 டெராபைட்

பராமரிப்பில் அசந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சம்பவம். கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 2021 டிசம்பரில், பழைய கோப்புகளை அப்புறப்படுத்தும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டைத் திருத்தினார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வடிவத்தை அதன்மேல் வைத்துவிட்டார்கள். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடிய அந்த ஸ்கிரிப்ட், அழிக்கக் கூடாததை அழித்தது. 14 ஆய்வுக் குழுக்களின் சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 77 டெராபைட், போயே போயின. அதில் 4 குழுக்களின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை. மெஷினைக் கொடுத்த நிறுவனம் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை.

பிட்டருக்குச் சம்பளம் உண்டா?

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். எத்தனை உசத்தியான லேத் மெஷின் வாங்கிப் பட்டறையில் நிறுத்தினாலும், அதை ஓட்டத் தெரிந்தவரும் பழுது பார்க்கும் பிட்டரும் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. முதலாளிக்கு அது தெரியும். அதனால்தான் நல்ல பிட்டரை வேறு பட்டறைக்குப் போக விடமாட்டார்.

அறிவியல் உலகத்தில் அந்த பிட்டர் யார்? பெரும்பாலும் ஆய்வு மாணவர். பி.எச்டி.க்காகப் புரோகிராம் எழுதுவார். பட்டம் கிடைத்ததும் கிளம்பிவிடுவார். அடுத்து வருகிறவர் அந்தப் புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் போகும். இல்லையென்றால் இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வரும் திட்டப் பணியாளர். கட்டுரை எழுதினால் மதிப்பு. பத்து விஞ்ஞானிகளின் கட்டுரைகளுக்கு அடிப்படையான புரோகிராமைச் சரியாக வைத்திருந்தால் நன்றியுரையில் ஒரு வரி.

பிரிட்டனில் 2014-ல் 15 பல்கலைக்கழகங்களில் ஒரு சர்வே எடுத்தார்கள். ஆய்வுக்கு சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறோம் என்றவர்கள் 92 சதவிகிதம். அது இல்லாவிட்டால் எங்கள் ஆய்வே நடக்காது என்றவர்கள் 69 சதவிகிதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் சொந்தமாகவே புரோகிராம் எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அதில் எந்தப் பயிற்சியும் இல்லை! இதைச் சரிசெய்யத்தான் 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினீயர்' என்ற பதவிப் பெயரை 2012-ல் அங்கே உருவாக்கினார்கள். இன்று பல பல்கலைக்கழகங்களில் அது ஒரு நிரந்தர வேலை.

இந்தியாவில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கம் 2015-ல் 4,500 கோடி ரூபாயில் தொடங்கியது. 2025 மார்ச் வரை 34 சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் வந்த 'பரம் பொருள்' அவற்றில் ஒன்று. பயிற்சிக்கென்று நான்கு மையங்களும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று சென்னை ஐ.ஐ.டி., இன்னொன்று வாளையாறு தாண்டினால் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடு ஐ.ஐ.டி. ஆக, பயிற்சி இருக்கிறது. அந்தப் பயிற்சி முடித்தவர் பதினைந்து, இருபது வருஷம் ஒரே புரோகிராமோடு உட்கார்ந்திருக்க நிரந்தரமான நாற்காலி வேண்டும். மெஷின் பட்ஜெட்டில் இத்தனை சதவிகிதம் புரோகிராம் பராமரிப்புக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும். மஞ்சள் களம் வரைக்கும் நன்மை வந்து சேர வேண்டுமென்றால் இது இரண்டும் அவசியம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

கொங்கு மண்டலத்தில் இன்ஜினீயரிங் கல்லூரி இல்லாத திசை இல்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கம்ப்யூட்டர் படிக்கிறது. 'சாஃப்ட்வேர்' என்றால் நமக்குத் தெரிந்தது பேங்க், ஷாப்பிங், ஆப். மழையையும் காற்றையும் கணக்குப் போடுவதும் சாஃப்ட்வேர் வேலைதான். உடுமலைப்பேட்டைக் காற்றாலை நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தரும், கோவை பம்பின் இறக்கையை எப்படி வளைத்தால் கரன்ட் மிச்சமாகும் என்று கணக்குப் போடுவதும் இதே வகைதான்.

ஆரம்பிக்க சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பயன்படுத்தும் அந்த டபிள்யூ.ஆர்.எஃப். புரோகிராமை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நல்ல லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, சின்ன அளவில் ஓட்டிப் பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாயை நடுவில் வைத்து, முதலில் பெரிய பெட்டியில், பிறகு சின்னப் பெட்டியில் ஓட்டி, காற்று எப்படி மாறுகிறது என்று பார்ப்பதே ஒரு நல்ல கடைசி வருஷப் புராஜெக்ட். பக்கத்து வானிலை நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. ஃபோர்ட்ரான் கற்றுக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் 'ஏன் இப்படி' என்று ஒரு குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால், பின்னால் வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

வாசகிக்கும் ஒரு வார்த்தை. மஞ்சள் காயும் நாள்களில் 'மழை உண்டா, இல்லையா' என்பதை மட்டும் பார்க்காமல், எத்தனை சதவிகித வாய்ப்பு என்று போட்டிருந்தால் அதையும் பாருங்கள். 30 சதவிகிதம் என்றால், அதே மாதிரி பத்து நாளில் மூன்று நாள் பெய்யும் என்று அர்த்தம். அன்றைக்குத் தார்ப்பாய் களத்து ஓரத்திலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அறிக்கையைப் பார்த்தோம் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு நாளும் புதுக் கணிப்பைப் பாருங்கள். நாள் நெருங்க நெருங்கக் கணக்கு துல்லியமாகும்.

இன்னும் ஐந்தாறு வருஷத்தில் அர்காவும் அருணிகாவும் பழசாகும். வேறு பெயரில் வேறு மெஷின் வரும். விழா நடக்கும், எத்தனை பெட்டாஃப்ளாப்ஸ் என்று தலைப்புச் செய்தி வரும். அன்றைக்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'மெஷின் சரிங்க, புரோகிராமைப் பார்த்துக்க எத்தனை பேரை வேலைக்கு எடுத்திருக்கீங்க?'